அவர் வைத்த பெயர்

செம்பாக்கத்தில் நானும் என் கணவரும் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழேதான் வீட்டுக்காரரும் இருந்தார். குடிவந்த அன்று அவர் கொடுத்த சாவிக்கொத்து இன்னும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு சாவியிலும் வெள்ளை டேப் சுற்றி, நீல மையில் குட்டிக் குட்டி எழுத்தில் பெயர்: மாடி முன், மாடி பின், மாடி கிரில். மேலே போய்ப் பார்த்தால் சுவிட்ச் போர்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் அடியில் பெயர். தண்ணீர்க் குழாய் வால்வில் பெயர். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பிகளில்கூட, இது மேல் வீடு, இது கீழ் வீடு என்று தகரத் துண்டு தொங்கியது.

ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு. சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருப்பார். "பேர் இல்லாத பொருள் தொலைஞ்ச பொருள்மா" என்பார். யாராவது சிரித்தால், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அதே வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்வார்.

பொருட்களோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் அவருக்கு 'இருபது லிட்டர்'. இஸ்திரிக்காரர் 'முனை வண்டி'. ஒருநாள் மோட்டார் போடச் சொல்லிப் படியிறங்கிக்கொண்டே நான் அவருக்கு போன் செய்தபோது, வராந்தாவில் கிடந்த அவர் போனின் திரையில் 'மாடி மனைவி' என்று வந்தது.

"சார், என் பேரு ரோஸ்லின்" என்றேன்.

"தெரியும்மா. நீங்க காலி பண்ணிட்டு வேற குடித்தனம் வந்தா, நான் திரும்ப மாத்தணும் இல்ல?"

கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் ஒழுங்கில் எனக்கு ஓர் இடம் கொடுத்திருந்தார். அதுவே பெரிய மரியாதை என்று நினைத்திருந்தார்.

அவர் மனைவியை நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அவர் செம்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சும் அந்த மண்ணின் பேச்சு. "இன்னாம்மா ரோஸி, குழம்பு கீது, வேணுமா?" என்று படிக்கட்டில் நின்று கூப்பிடுவார். உள்ளேயிருந்து சாரின் குரல் வரும்: "'இருக்கு'ன்னு சொல்லு." ஆன்ட்டி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "கீதும்மா, நெறைய கீது" என்பார்.

நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சார் ஒருநாள் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். மேஜைமேல் வைத்துத் திறந்து காட்டினார். பாட்காஸ்ட் ஃபைல்கள். திரை கொள்ளாத அளவுக்கு. பிரபந்த விளக்கம், மாடித்தோட்டம், சட்ட ஆலோசனை, சர்க்கரை நோய், பழைய கோயில்கள் என்று எதை எதையோ டவுன்லோட் செய்து வைத்திருந்தார். ஆனால் எந்த ஃபைலுக்கும் பெயர் என்று ஒன்று இல்லை. எண்ணும் எழுத்தும் கலந்த நீள நீளமான வால்கள்.

"பாருங்க, எது எதுன்னே தெரியல. ஒவ்வொண்ணா கேட்டு, ஒவ்வொண்ணா பேர் மாத்தறேன். மாத்தி முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்து விழுது."

"ஆப்லயே கேக்கலாமே சார். எதுக்கு டவுன்லோட் பண்றீங்க?"

"நெட்ல இருக்கறது நம்மது இல்லம்மா. நாளைக்கே அவங்க எடுத்துட்டா?"

பெரிய வேலை ஒன்றுமில்லை. ஒலி ஃபைலுக்கு உள்ளேயே நிகழ்ச்சியின் பெயர், தேதி, தலைப்பு எல்லாம் பதிந்திருக்கும். டவுன்லோட் ஆகும் ஃபோல்டரை ஒரு சின்ன புரோகிராம் கவனித்துக்கொண்டே இருந்து, புது ஃபைல் விழுந்ததும் உள்ளே இருப்பதைப் படித்துப் பெயரை மாற்றிவிட வேண்டும். அதற்குப் போய் அவர் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் வந்து உட்கார்ந்தார். தேதி முன்னால் வரவேண்டும், அதிலும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். அப்போதுதான் தானாக அடுக்கிக்கொள்ளும். அடுத்தது நிகழ்ச்சி, பிறகு எண், பிறகு தலைப்பு. ஒரே பெயரில் இரண்டு வந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடக் கூடாது. எல்லாம் நியாயமான விதிகள். கடைசியாக ஒன்று சொன்னார்.

"'அரை டம்ளர் அரிசி'ன்னு ஒரு நிகழ்ச்சி இருக்கு. அதுக்கு மட்டும் தனி ரூல். தலைப்புல 'கயல்'னு வர்ற இடத்துல எல்லாம் 'புவனேஸ்வரி'ன்னு போட்டுடணும்."

"ஏன் சார்? கயல்தானே அதை நடத்தறவங்க?"

"அவ பேரு புவனேஸ்வரி."

அவர் பார்வை திரையைவிட்டு நகரவில்லை. நான் அந்த வரியையும் எழுதிச் சேர்த்தேன்.

அன்று மாலை, ஆர்வம் தாங்காமல் அந்த நிகழ்ச்சியைத் தேடிக் கேட்டேன். ஒரு பெண். தனியாக ஓர் அறையில் இருப்பவள். வாரா வாரம் சனிக்கிழமை, ஒரே ஒரு ஆளுக்கு எப்படிச் சமைப்பது என்று பேசிக்கொண்டே சமைக்கிறாள். கடுகு வெடிக்கும் சத்தம், கரண்டிச் சத்தம், இடையிடையே ரயில் போகும் சத்தம். கெட்டிக்காரத்தனமான குரல். தன் சமையல் கெட்டுப்போனதையும் மறைக்காமல் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

புரோகிராம் ஓடத் தொடங்கியதும் சாருக்கு வந்த உற்சாகம் அதோடு நிற்கவில்லை. ஆன்ட்டி தன் போனில் திருநீர்மலைப் பெருமாள் பாட்டுகள் வைத்திருந்தார். கடைக்காரப் பையன் ஏற்றிக் கொடுத்தவை. 'பெருமாள் நல்லது', 'பெருமாள் வேகம்', 'அழுவற பாட்டு' என்று ஆன்ட்டியே சொல்லச் சொல்ல அவன் பெயர் போட்டிருந்தான். சார் அதையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றி, புரோகிராமை ஓட்டி, சரியான பெயரோடு திருப்பி வைத்துவிட்டார். பாடியவர், ராகம், ஆண்டு எல்லாம் ஆங்கிலத்தில்.

மறுநாள் காலை கீழே ஆன்ட்டியின் குரல். "என் பாட்டுங்கோ எங்க?"

"எல்லாம் இருக்கு. இப்பத்தான் சரியான பேர்ல இருக்கு."

"சரியான பேரு எனக்கு இன்னாத்துக்கு? எனக்குத் தெரிஞ்ச பேருல இருந்துச்சு, அத ஏன்யா எடுத்த?"

நான் கீழே போனபோது ஆன்ட்டி அழுதுகொண்டிருந்தார். ஒரு பாட்டுக்கு இவ்வளவு அழுகையா என்று இருந்தது. அவர் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொல்லி, பழைய பெயர்களையே திரும்ப வைத்துக் கொடுத்தேன். சார் வராந்தாவில் பேப்பரை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். தான் செய்ததில் என்ன தப்பு என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

பாட்டு ஒரு சாக்குதான் என்பது பிறகு தெரிந்தது. துணி எடுக்க மொட்டைமாடிக்கு வந்த ஆன்ட்டி, அங்கே நின்றிருந்த என்னிடம் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"எங்க புவனாவுக்கும் இதையேதான் செஞ்சாரு. ஒரே பொண்ணு. இன்னா படிக்கணும்னு இவரு எழுதிப் போட்டாரு, எங்க வேலைக்குப் போவணும்னு இவரு பேசி வச்சாரு. எல்லாத்துக்கும் தலையாட்டிச்சு. அப்புறம் ஒரு மாப்பிள்ளை. வேணாம்ப்பான்னு சொல்லிச்சு. இவரு கேக்கல. கேக்கலன்னா, காதுலயே போட்டுக்கல. ஒருநாள் கல்யாணப் பத்திரிகையே அடிச்சு எடுத்தாந்து வச்சிட்டாரும்மா."

"அப்புறம்?"

"அத்தினி பத்திரிகையையும் கிணத்துல போட்டுட்டு, அன்னிக்கே பையத் தூக்கிகினு போயிடுச்சு. நம்பரு மாத்திடுச்சு. எங்க கீது, சாப்டுதா, ஒண்ணும் தெரியாது. இவரு எல்லார்கிட்டயும் பூனாவுல வேலைன்னு சொல்லிக்கினு திரியறாரு."

புவனா. புவனேஸ்வரி. ஆன்ட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியிலிருந்து அடுத்த துணியை உருவிக்கொண்டே சொன்னார்: "இப்ப கொஞ்ச நாளா ஆளே ஒரு மாதிரி கீறாரு. திடீர்னு வந்து, புளிக்குழம்புல வெல்லம் போட்டுப் பாரேன்ங்கிறாரு. கீரையில தேங்காப்பால் ஊத்தேன்ங்கிறாரு. இவரு வாயில இப்டி ஒரு பேச்சு நான் கேட்டதே இல்ல."

புளிக்குழம்பில் வெல்லம் போடச் சொல்லும் பகுதியை அந்த வாரம்தான் நானும் கேட்டிருந்தேன்.

அன்றே சாரைத் தனியாகப் பிடித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், காதில் இயர்போனோடு நின்றிருந்தார். "ஆன்ட்டிகிட்ட சொல்லிடுங்க சார்" என்றேன். எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"சொல்ல மாட்டேன்மா. நீங்களும் சொல்லக் கூடாது. சொன்னா இவ தேடிக்கிட்டு ஓடுவா. நம்பரை மாத்தின மாதிரி அவ ஊரையும் மாத்திடுவா, இந்த நிகழ்ச்சியையும் நிறுத்திடுவா. எதையோ தேடப்போய்க் கிடைச்சது இது. இப்ப வாரத்துக்கு ஒரு தடவை குரலாவது வருது."

நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதன் பிறகு ஆன்ட்டி குழம்புக் கிண்ணத்தோடு மேலே வரும்போதெல்லாம் அதை வாங்கிக்கொண்டு, வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவேன்.

மழைக்காலம் வந்தது. ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் நிற்கத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் லேப்டாப்போடு வந்து நின்றார்.

"புரோகிராம் வேலை செய்யல."

பார்த்தேன். அன்று காலை விழுந்த கோயில் நிகழ்ச்சிக்குச் சரியாகப் பெயர் மாறியிருந்தது. "வேலை செய்யுது சார். 'அரை டம்ளர் அரிசி' இந்த வாரம் வரல. அவ்வளவுதான்."

"அவ ஒரு வாரம்கூட விட்டது இல்ல. புரோகிராமைப் பாருங்க."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பொய்யாகவாவது ஒரு கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டேனா என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த சனிக்கிழமையும் எதுவும் வரவில்லை. ஞாயிறு காலை, கடைசியாக வந்திருந்த பகுதியை என்முன் போட்டுக் காட்டினார். நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

குரல் கம்மியிருந்தது. காய்ச்சல், அதனால் இன்றைக்கு வெறும் கஞ்சிதான் என்று சிரிக்கப் பார்த்தாள். வெளியே மழை இரைந்தது. தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது, கீழ் வீட்டுக்காரர்கள் சாமானை மாடிக்கு ஏற்றுகிறார்கள் என்றாள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். பிறகு ஏதோ பாத்திரம் விழுந்தது. "சரி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று அவசரமாக முடித்துவிட்டாள்.

"எத்தனை தடவை கேட்டீங்க சார் இதை?"

அவர் அதை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டப் போனார்.

"போய்ப் பாருங்க."

"அவ கூப்பிடணும். அவ கூப்பிடாம நான் போனா..."

அவர் முடிப்பதற்குள் நான் படியிறங்கிவிட்டேன். சமையலறையில் ஆன்ட்டி மீன் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் அங்கேயே நின்று சொன்னேன். பின்னாலேயே வந்த சார் வாசற்படியில் நின்றுவிட்டார். ஆன்ட்டி கையைக்கூடத் துடைக்கவில்லை.

"எத்தினி மாசமா கேக்கற?"

"இல்ல, நான் என்ன நினைச்சேன்னா..."

"அப்ப அந்த வெல்லம் அது போட்டதா? என் பொண்ணு சமைக்கறத என்னை உட்டு சமைக்கவச்சு நீ துன்னுகினு இருந்தியா?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு ஒருவாட்டி போட்டுக் காட்டத் தோணலியேய்யா உனக்கு. ஒரே ஒருவாட்டி."

அதன் பிறகுதான் சார் சொன்னார்: "இடம் தெரியும். ஊரப்பாக்கம்."

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஒரு பகுதியில் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது என்றார். அதைப் பிடித்துக்கொண்டு போய், சில நாள் அந்தத் தெருக்களில் சுற்றியிருக்கிறார். ஒரு மாடியில் அவள் துணி உலர்த்துவதைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பி வந்திருக்கிறார். அதைக் கேட்டபோது ஆன்ட்டி அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

என் கணவர் வெளியூரில் இருந்தார். நானும் அவர்களோடு கிளம்பினேன். ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி நகரவில்லை என்றார்கள். ஆட்டோவில் தாம்பரம் போய் ரயிலைப் பிடித்தோம். ரயில் ஊர்ந்தது. வண்டலூர் தாண்டி நடுவில் நின்றுவிட்டது. சார் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றியிருந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

ஊரப்பாக்கத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. ஆன்ட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சார் முன்னால் போனார். அந்த வீட்டுக் கீழ்த்தளம் பூட்டிக் கிடந்தது. மேலே அவள் அறைக் கதவிலும் பூட்டு. எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் அவளைக் கூப்பிட்டார்.

"அம்மா, இந்த மாடியில புவனேஸ்வரின்னு ஒரு பொண்ணு..."

"அப்டி யாரும் இல்லியே."

"ஒல்லியா இருக்கும். புவனேஸ்வரி. தனியா இருக்கும்."

"எனக்குத் தெரிஞ்சு அந்தப் பேருல இந்தத் தெருவுலயே ஆளு இல்ல. நீங்க வேற தெரு பாருங்க."

அவள் உள்ளே போகத் திரும்பினாள். நான் வாயைத் திறந்தேன். சார் என்னைத் தடுப்பதுபோல் கையைப் பின்னால் நீட்டினார்.

"கயல்" என்றார். சத்தம் வெளியே வரவில்லை. மழைக்கு மேலே இன்னொரு தடவை கத்தினார்: "கயல்! கயல்னு ஒரு பொண்ணு. சமையல் பத்திப் பேசும்!"

அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஐயோ, நம்ம கயலா? அத தண்ணி ஏறின மொத வாரமே ஆஸ்பத்திரில சேத்தோமே. டெங்கு. மயங்கி உழுந்து கெடந்துச்சு. எங்க வூட்டுக்காரரும் பசங்களும்தான் படகுல வச்ச மாதிரி கட்டில்ல வச்சுத் தூக்கினு போனாங்க. யாரையாச்சும் கூப்டட்டுமான்னு கேட்டா, யாரும் இல்லக்கான்னு சொல்லிச்சு." பிறகு கேட்டாள்: "நீங்க யாரு அதுக்கு?"

எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தவருக்கு இதற்குப் பதில் வரவில்லை. ஆன்ட்டிதான் சொன்னார்: "பெத்தவங்கம்மா."

ஆஸ்பத்திரி கூடுவாஞ்சேரிப் பக்கம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் ஆபத்து தாண்டவில்லை. ஏறிய ரத்தத் தட்டணுக்கள் திரும்ப இறங்குகின்றன, நாளைக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அம்மாவைப் பார்த்ததும் அவள் அழுதாள். பின்னால் நின்றவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். சார் வெளியே போய் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்து வந்த நாட்களில் அந்த நாற்காலியைவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார். யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் செம்பாக்கம் வீட்டுக்குத் திரும்பவில்லை. உடம்பு தேறியதும் ஊரப்பாக்கத்து அறைக்கே போனாள். ஆன்ட்டி வாரத்தில் பாதி நாள் ரயிலேறி அங்கே போய்விடுவார். சாரை அவள் வரச் சொல்லவும் இல்லை, வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சில மாதம் கழித்து நாங்கள் வேலை காரணமாக வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டோம். அவர்களுக்குள் பிறகு எப்படி என்று எனக்குத் தெரியாது.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஆஸ்பத்திரிதான். டாக்டர் இனிப் பயமில்லை என்று சொன்ன காலை அது. ஆன்ட்டி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். கேன்டீனிலிருந்து சார் ஒரு டம்ளரில் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து, தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தார். அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "உப்பே இல்ல" என்றாள்.

அவர் வெளியே ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கேயோ கேட்டு, காகிதத்தில் மடித்த உப்பைக் கொண்டுவந்தார். கட்டில் பக்கம் குனிந்து, பொட்டலத்தைப் பிரித்து, விரலில் கொஞ்சம் எடுத்தார். டம்ளருக்கு மேலே போன கை அப்படியே நின்றது.

"எவ்வளவு போடட்டும்மா?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"குடுங்க. நானே போட்டுக்கறேன்."

அவர் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.